ஜிஆர்இ வெர்பல்: சொற்பட்டியலை முடித்த பிறகும் மதிப்பெண் ஏறாதது ஏன்?

வைப்பாறு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இப்போது பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் எம்எஸ் படிக்க விண்ணப்பிக்கும் எண்ணத்துடன் ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். கணிதப் பகுதியில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. பிடிகொடுக்காமல் இருப்பது ஆங்கிலச் சொல்லறிவையும் வாசிப்பையும் சோதிக்கும் வெர்பல் பகுதிதான்.

சீனியர்கள் வழியாகக் கைமாறி வந்த, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து முடித்திருக்கிறேன். நான் செல்லும் பயிற்சி மையத்திலும் தினமும் சொற்களை ஒப்பிக்கச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறார்கள். தனியாக ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் பொருளைத் தயங்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் மாதிரித் தேர்வில் அதே சொல் ஒரு வாக்கியத்துக்குள் வரும்போது இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுகின்றன. நான் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மற்றதாக இருக்கிறது. மதிப்பெண் 147ஐ ஒட்டியே நிற்கிறது. இன்னும் பெரிய பட்டியல் ஒன்றை எடுக்க வேண்டுமா, அல்லது படிக்கும் முறையையே மாற்ற வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பாலைவனத் தமிழன்

தம்பி, அரிசோனாவில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு இங்கேயே வேலை பார்க்கிறேன். பெரிய பட்டியல் வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். காரணத்தைச் சொல்வதற்கு முன், அந்தப் பட்டியல் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். 2011 ஆகஸ்டுக்கு முன்பிருந்த ஜிஆர்இயில் எதிர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கும் கேள்விகளும், இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவை ஒப்பிடும் கேள்விகளும் இருந்தன. அவற்றில் சொல் தனியாக நிற்கும்; முன்னும் பின்னும் வாக்கியம் இருக்காது. பொருள் தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் இல்லை. நம் ஊரில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் பெரும்பட்டியல்கள் அந்தத் தேர்வுக்காகத் தொகுக்கப்பட்டவை. 2011இல் அந்த இரண்டு வகைக் கேள்விகளும் நீக்கப்பட்டன. மதிப்பெண் அளவும் 200–800 என்பதிலிருந்து 130–170 என்று மாறியது. தேர்வு மாறிவிட்டது, பட்டியல் மட்டும் மாறாமல் ஜூனியருக்கு ஜூனியர் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று வெர்பலில் மூன்று வகைக் கேள்விகளே உள்ளன. முதலாவது, கோடிட்ட இடத்தை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷன். ஒரே ஒரு கோடு இருந்தால் ஐந்து விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். இரண்டு அல்லது மூன்று கோடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று விடைகள். எல்லாக் கோடுகளும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பாதி சரி என்பதற்குப் பாதி மதிப்பெண் கிடையாது. இரண்டாவது சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ்: ஒரே கோடு, ஆறு விடைகள், அவற்றில் ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது வாசிப்புப் பத்திகள். இந்த மூன்றில் எதிலும் சொல் தனியாக வருவதில்லை. வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கவனித்தவருக்கே சொல்லறிவு பயன்படுகிறது.

---

எண்கணக்கன்

மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 'சொல் தேவையில்லை, வாக்கியத்தைப் படி' என்று இணையத்தில் பலரும் எழுதுவதைப் பார்க்கிறேன். வாக்கியத்தின் போக்கை எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டாலும், ஐந்து விடைகளில் மூன்றுக்குப் பொருள் தெரியாவிட்டால் அங்கே என்ன செய்வது? ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, வீட்டில் ஆங்கிலப் புத்தகங்களோடு வளர்ந்தவருக்கு அந்த அறிவுரை பொருந்தலாம். தமிழ்வழியில் படித்து வருபவருக்குப் பட்டியல்தான் குறுக்குவழி. வேறு வழியில் அந்த இடைவெளியை நான்கைந்து மாதங்களில் நிரப்ப முடியாது. நான் பட்டியலை வைத்துத்தான் படித்தேன். விண்ணப்பித்த துறைகளுக்குப் போதுமான மதிப்பெண் வந்தது. தவிர, பொறியியல் துறைகள் கணிதப் பகுதியைத்தான் முதலில் பார்க்கின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. வெர்பலுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பதையும் இவர் யோசிக்கலாம்.

---

கரும்பலகை

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவள். மேலே எழுதிய இருவரும் சொல்வதில் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. விவாதத்தைப் பொதுவாக நடத்துவதைவிட இரண்டு மாதிரிக் கேள்விகளை எடுத்துப் பார்க்கலாம். இவை நானே அமைத்தவை. வாக்கியத்தைத் தமிழில் தருகிறேன், விடைச் சொற்களை மட்டும் ஆங்கிலமாகவே வைக்கிறேன்.

முதல் வாக்கியம்: "அந்த விமர்சகரின் பாராட்டு ______ ஆக இருந்தபோதிலும், புகழுக்கு ஏங்கிக்கிடந்த இளம் கவிஞர் அதை நிபந்தனையற்ற ஏற்பாகவே எடுத்துக்கொண்டார்." விடைகள்: எஃப்யூசிவ், குவாலிஃபைட், சின்சியர், யூனிவர்சல், எலக்வென்ட்.

என் மாணவர்களில் பட்டியலை நன்றாக மனப்பாடம் செய்தவர்கள் முதலில் கைவைப்பது எஃப்யூசிவ் என்ற சொல்லில். அது பட்டியலில் உள்ள சொல், கடினமானது, 'பொங்கி வழிகிற' என்று பொருள் தெரியும், பாராட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வாக்கியத்தில் 'போதிலும்' இருக்கிறது. கவிஞர் அதை நிபந்தனையற்றது என்று நினைத்தார் என்றால், உண்மையில் அந்தப் பாராட்டுக்கு ஏதோ நிபந்தனை இருந்திருக்க வேண்டும். எனவே விடை குவாலிஃபைட். அந்தச் சொல்லை 'தகுதி பெற்ற' என்ற ஒரே பொருளில் அறிந்தவர் அதை முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார். 'வரையறைகளோடு கூடிய, முழுமையாக அல்லாத' என்பது அதன் இன்னொரு பொருள். தேர்வு அமைப்பவர்களுக்குப் பிடித்த பொருளும் அதுதான்.

இரண்டாவது, ஆறு விடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகை: "கேட்போர் அஞ்சியதற்கு மாறாக, விழாத் தலைவரின் உரை ______ ஆக இல்லை, அவர் எழுந்ததும் தெரியவில்லை, அமர்ந்ததும் தெரியவில்லை." விடைகள்: டெர்ஸ், ப்ரோலிக்ஸ், எலக்வென்ட், லகோனிக், கேண்டிட், வெர்போஸ். இங்கே ஒத்த பொருளுடைய இணைகள் இரண்டு உள்ளன. சுருக்கமான பேச்சைக் குறிக்கும் டெர்ஸ், லகோனிக் ஓர் இணை. வளவளவென்ற பேச்சைக் குறிக்கும் ப்ரோலிக்ஸ், வெர்போஸ் இன்னோர் இணை. உரை சீக்கிரம் முடிந்தது என்ற செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டவர் முதல் இணையைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் கோடு இருக்கும் இடம் 'அஞ்சியதற்கு மாறாக', 'இல்லை' என்ற இரண்டுக்கும் நடுவில். கேட்போர் அஞ்சியது நீண்ட உரையை. ஆகவே விடை இரண்டாம் இணை. ஆறு சொற்களுக்கும் பொருள் தெரிந்த ஒருவர் இந்தக் கேள்வியைத் தவறவிட முடியும் என்பதையும், பொருளே தெரியாத ஒருவரால் இதற்கு நிச்சயமாக விடையளிக்க முடியாது என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

வைப்பாறு, உங்கள் 'இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுகின்றன' என்ற வாக்கியமே நோயைச் சொல்லிவிட்டது. விடைகளைப் பார்த்த பிறகுதான் வாக்கியத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தில் வர வேண்டிய சொல்லை உங்கள் சொந்த மொழியில், தமிழில் என்றாலும் சரி, முதலில் எழுதிப் பாருங்கள். 'குறையோடு கூடிய', 'நீளமான' என்று எளிமையாக எழுதினால் போதும். அதன் பிறகு விடைகளைத் திறந்து, எழுதியதற்கு நெருக்கமானது எது என்று தேடுங்கள். அப்படி எழுத முடியாமல் நின்றுபோகும் இடத்தில் உங்களுக்குத் தெரியாதது சொல் அல்ல, வாக்கியம்.

எண்கணக்கன் அவர்களுக்கு ஒன்று: தமிழ்வழி மாணவருக்கு இது எட்டாது என்பதை நான் ஏற்கவில்லை. நாம் 'எனினும்', 'ஆயின்', 'அன்றி', 'மாறாக' என்று எழுதப் பழகியவர்கள். ஆல்தோ, டெஸ்பைட், ஃபார் ஃப்ரம், இஃப் எனிதிங் போன்ற முப்பது நாற்பது திருப்பச் சொற்களை அடையாளம் காண இங்கிலீஷ் மீடியம் தேவையில்லை. அவற்றுக்குப் பட்டியல் போடுங்கள்; அது நல்ல பட்டியல்.

---

வைப்பாறு

மிக்க நன்றி அம்மா. நீங்கள் தந்த முதல் கேள்வியில் நானும் எஃப்யூசிவ் என்றுதான் நினைத்தேன். விடைகளை மறைத்துப் படிக்கும் முறையைத் தொடங்கிவிட்டேன். ஆரம்பத்தில் மிக மெதுவாகப் போகிறது, ஆனால் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்தால் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடிகிறது.

வாசிப்புப் பத்திகளைப் பற்றியும் கேட்க வேண்டும். பத்தி புரிந்துவிடுகிறது, விடைகளுக்கு வரும்போது புரிந்தது கலைந்துவிடுகிறது. குறிப்பாக மூன்று கூற்றுகளைக் கொடுத்துப் பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் ஒன்றுகூடச் சரியாக வருவதில்லை. நாள்தோறும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் படித்தால் போதும் என்று மையத்தில் சொல்கிறார்கள்.

---

யாழ் வாசகி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். விஞ்ஞான வரலாற்றில் கலாநிதிப் பட்டத்துக்காக அமெரிக்காவில் படித்து வருகிறேன். எங்கள் துறைக்கு விண்ணப்பித்தபோது வெர்பல் புள்ளிகளே முக்கியமாக இருந்தபடியால், பத்திகளோடு நிறையக் காலம் செலவிட்டிருக்கிறேன்.

தலையங்கம் வாசிப்பதில் தவறில்லை. ஆனால் தலையங்கம் தன் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லி, அதையே வலியுறுத்திக்கொண்டு போகும். இந்தப் பரீட்சையின் பத்திகள் பௌதிக விஞ்ஞானம், உயிரியல், சமூக விஞ்ஞானம், கலை, வணிகம் என்று பல துறைகளிலிருந்து எடுத்துச் சுருக்கப்படுபவை. கூடுதலானவை ஒரே பந்தியாக இருக்கும். அந்த ஒரு பந்திக்குள் ஒருவருடைய கருத்து, அதற்கு மற்றவர்களின் மறுப்பு, அந்த மறுப்பைப் பற்றி எழுத்தாளரின் அபிப்பிராயம் என்று மூன்று குரல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். எந்த வசனம் யாருடைய குரல் என்பதைத் தவறவிட்டால் விடையும் தவறிவிடும்.

என் துறையிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 1912இல் அல்ஃபிரட் வெகெனர் கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். அக்காலப் புவியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை; 1960களில்தான் புவித்தட்டுக் கொள்கை வழியாக அக்கருத்து வேறு வடிவில் நிலைபெற்றது. இதை வைத்து ஒரு பந்தி இப்படி எழுதப்படலாம்: "வெகெனரை மறுத்தவர்கள் புதுமையை ஏற்க மனமில்லாத பிடிவாதக்காரர்கள் என்று பின்னாளில் எழுதப்பட்டது. அவர்களுள் சிலர் அத்தகையோராக இருந்திருக்கலாம். எனினும், கண்டங்களை நகர்த்தக்கூடிய விசை எது என்பதற்கு வெகெனர் ஏற்கத்தக்க விளக்கம் எதையும் தரவில்லை. அன்று கிடைத்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால் அம்மறுப்பு நியாயமற்றதன்று."

இப்போது எழுத்தாளர் ஏற்றுக்கொள்ளும் கூற்றுகள் எவை என்று கேட்டு மூன்று தருகிறார்கள் என்று வையுங்கள். முதலாவது: வெகெனரின் மறுப்பாளர்களுக்குத் தக்க காரணம் இருந்தது. இரண்டாவது: மறுப்பாளர் எவரும் பிடிவாதத்தால் மறுக்கவில்லை. மூன்றாவது: கண்டங்கள் நகர்கின்றன என்ற வெகெனரின் கருத்து பிழையானது. முதலாவது மட்டும் சரி. இரண்டாவதில் 'எவரும்' என்ற ஒரு சொல் கெடுக்கிறது. 'சிலர் இருந்திருக்கலாம்' என்று எழுத்தாளர் விட்டுக்கொடுத்திருக்கிறார். மூன்றாவது பந்தியில் இல்லவே இல்லை. மறுப்பு நியாயமானது என்பதும் மறுக்கப்பட்டது பிழை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். 'எல்லாம் நன்றாகத்தான் புரிந்தது' என்று நினைத்து இரண்டாவதையும் மூன்றாவதையும் தெரிவு செய்பவர்கள், பந்தியின் சாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பந்தியை மறந்தவர்கள். இந்த வகைக் கேள்வியில் மூன்று கூற்றுகளையும் மூன்று தனி வினாக்களாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பந்தியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். இடம் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். மூன்றும் சரியாக இருக்கலாம், ஒன்று மட்டும் சரியாக இருக்கலாம். 'இரண்டாவது இருக்க வேண்டுமே' என்று தேடத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பந்தி நோக்கம் என்ன என்று கேட்கும் வினாக்களில், விடைகளின் முதற் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும். சலஞ்ச், ரிகன்சைல், கன்சீட், அண்டர்மைன், போல்ஸ்டர், ரிஃப்யூட், குவாலிஃபை. இவற்றை நீங்கள் கடினச் சொற்களாகக் கணக்கில் எடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஒரு கருத்தை ரிஃப்யூட் செய்வது அதைப் பொய்யென்று நிறுவுவது. குவாலிஃபை செய்வது அதற்கு எல்லை வகுப்பது. வெகெனர் பந்தியில் நடந்தது இரண்டாவதற்கு நெருக்கமானது. வித்தியாசம் தெரியாதவருக்கு இரண்டு விடைகளும் சரியாகவே தோன்றும்.

---

எண்கணக்கன்

யாழ் வாசகி சொன்ன கடைசிப் பத்தியை வரவேற்கிறேன். நான் முதலில் சொன்னதும் இதுதான், சொல் தெரியாமல் வேலை நடக்காது. ஆனால் எந்தச் சொல் என்பதில் என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். பழைய பட்டியல்களில், ஆங்கிலேயரே வாழ்நாளில் ஒருமுறை பார்க்காத சொற்கள் ஏராளம். அவற்றுக்குச் செலவிடும் நேரத்தை, நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற சொற்களுக்குச் செலவிடுவது நல்லது. சாங்ஷன் என்றால் அனுமதியும் உண்டு, தண்டனைத் தடையும் உண்டு. எதைக் குறிக்கிறது என்பதை வாக்கியம்தான் சொல்லும். டெம்பர் என்பது வினையாக வரும்போது 'தணித்தல்'. ஃப்ளாக் என்றால் 'சோர்ந்துபோதல்'. வான்ட் என்பது பெயராக வரும்போது 'இல்லாமை'. அரெஸ்ட், செக் இரண்டும் 'தடுத்து நிறுத்துதல்'. கத்தோலிக் என்பதைச் சிறிய எழுத்தில் எழுதினால் 'பரந்த ரசனை உடைய'. பெடஸ்ட்ரியன் என்றால் 'சுவாரசியமற்ற, சாதாரணமான'. இவற்றை யாரும் பட்டியலில் அடிக்கோடிடுவதில்லை, ஏனென்றால் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம் என்ற நினைப்பு.

வேர்ச்சொல் வழியாகக் கற்பதைப் பற்றியும் கரும்பலகை அவர்கள் சொல்ல வேண்டும். லத்தீன் வேர்கள் இருநூறு தெரிந்தால் ஆயிரம் சொற்கள் தெரியும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

---

கரும்பலகை

வேர்ச்சொற்கள் நினைவில் வைக்க உதவும். பொருளை ஊகிக்க அவற்றை நம்ப வேண்டாம். 'கூட்டம், மந்தை' என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து கிரிகேரியஸ், அக்ரிகேட், செக்ரிகேட் ஆகியவை வருகின்றன. மூன்றிலும் கூட்டம் தெரிகிறது. அதே வேரிலிருந்துதான் எக்ரீஜியஸ் என்பதும் வருகிறது. 'மந்தையிலிருந்து விலகி நிற்கிற' என்று பிரித்துப் பார்ப்பவர் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வார். இன்றைய வழக்கில் அது அப்பட்டமான தவற்றைக் குறிக்கும் வசைச்சொல். சொல்லைக் கற்ற பிறகு வேரைப் பாருங்கள்.

சொற்களை எழுதிவைத்துப் படிக்கும் அட்டைகளைப் பற்றிச் சிலர் தனிமடலில் கேட்டிருந்ததால் இங்கேயே எழுதிவிடுகிறேன். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மைத்தாமே சோதித்து எழுதிவைத்தார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் மீண்டும் நினைவுபடுத்திக்கொண்டால் அடுத்த மறதி தள்ளிப்போகிறது. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் இதை அட்டைப்பெட்டிகளைக் கொண்டு ஓர் எளிய முறையாக்கினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அந்தப் பெட்டியை அடிக்கடி திறக்க மாட்டோம், தவறிய அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும். இன்று ஆங்கி போன்ற இலவசச் செயலிகள் அதைக் கணக்கிட்டுச் செய்கின்றன. ஒரே நாளில் ஐம்பது சொற்களை ஒப்பித்துவிட்டு மறுநாள் வேறு ஐம்பதுக்குத் தாவுவது இதற்கு நேர் எதிரான முறை. அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அட்டையின் முன்பக்கம் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் சந்தித்த வாக்கியத்தை எழுதி, சொல் வரும் இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் சொல்லும், அது புகழ்ச்சியா இகழ்ச்சியா நடுநிலையா என்ற குறிப்பும், அருகில் நிற்கும் இன்னொரு சொல்லும் இருக்கட்டும். தமிழ்ப் பொருள் எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். ஒரே சொல்லாக எழுதாமல் ஒரு தொடராக எழுதுங்கள். டாசிடர்ன் என்பதற்கு 'இயல்பிலேயே வாய்திறக்காதவர்' என்றும், ரெடிசென்ட் என்பதற்கு 'தன் எண்ணத்தை வெளியே சொல்லத் தயங்குபவர்' என்றும் எழுதினால் இரண்டும் ஒன்றாகிப் போகாது. இரண்டுக்கும் 'அமைதியான' என்று எழுதி வைத்திருக்கும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: எண்ணூறிலிருந்து ஆயிரம் சொற்களை இப்படிக் கற்றவர், மூவாயிரத்தை ஒப்பித்தவரைவிட நல்ல நிலையில் இருப்பார் என்பது வகுப்பறையில் நான் பார்த்துக்கொண்டிருப்பது.

---

பாலைவனத் தமிழன்

நேரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிவிட்டார்கள்; இப்போது மொத்தம் 1 மணி 58 நிமிடம்தான், இடைவேளை கிடையாது. முதலில் 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை. அதன் பிறகு வெர்பலும் கணிதமும் தலா இரண்டு பிரிவுகள். வெர்பலின் முதல் பிரிவில் 12 கேள்விகளுக்கு 18 நிமிடம், இரண்டாம் பிரிவில் 15 கேள்விகளுக்கு 23 நிமிடம். கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வரும். ஆனால் சமமாகப் பங்கிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு கோடுள்ள வாக்கியத்தையும் ஆறு விடைக் கேள்வியையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்தால்தான் பத்திகளுக்கு நிதானம் கிடைக்கும். மூன்று கோடுகள் உள்ள கேள்வியில் முதல் கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற விதி இல்லை. எந்தக் கோட்டுக்கு அருகில் திருப்பச் சொல் தெளிவாக இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள். மூன்றையும் குருட்டாம்போக்கில் அடித்தால் சரியாக அமைய இருபத்தேழில் ஒரு வாய்ப்புதான்.

முதல் பிரிவில் நீங்கள் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. எனவே முதல் பிரிவில் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டி, கடைசி இரண்டைப் பார்க்காமலே விடுவது பெரிய இழப்பு. ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், குறித்துவைத்துவிட்டுத் திரும்பி வரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

மாதிரித் தேர்வுகளில் ஓர் எச்சரிக்கை. தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. பலர் ஆர்வத்தில் அவற்றைத் தொடக்கத்திலேயே எழுதித் தீர்த்துவிடுகிறார்கள். ஒன்றை இப்போது நிலையறிய எழுதுங்கள். மற்றதைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு வரை தொடாதீர்கள். மற்றவர்கள் தயாரிக்கும் வெர்பல் கேள்விகளில் கணிதத்தைப் போல நம்பகத்தன்மை இருப்பதில்லை. விடைக்கான விளக்கம் உங்களுக்கு ஒப்பவில்லை என்றால், தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

---

திண்ணை23

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இப்போது பல பல்கலைக்கழகங்கள் ஜிஆர்இ தேவையில்லை என்று அறிவித்துவிட்டனவே, இவ்வளவு உழைப்பு தேவையா? மேலும் வீட்டிலிருந்தே எழுத முடியும் என்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து தேர்வு மையம் தொலைவு. வெர்பல் பத்திகளைத் திரையில் படிக்கும்போது குறிப்பெடுக்கத் தாள் அனுமதிப்பார்களா?

---

நெறியாளர்

முதல் கேள்விக்குத் தனி இழையே போதாது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2020க்குப் பிறகு அமெரிக்கத் துறைகள் பலவும் ஜிஆர்இயைக் கைவிட்டன அல்லது விருப்பத்துக்கு விட்டன என்பது உண்மை. ஆனால் முடிவெடுப்பது பெரும்பாலும் துறைதான். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், அடுத்த துறை வாங்கவே மாட்டேன் என்று சொல்லும். விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய துறைப் பக்கத்தைப் பார்த்த பிறகே தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். சென்ற ஆண்டு சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், பிறகு ஆய்வுப் படிப்புக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து எழுதலாம். கணினியோ மடிக்கணினியோ வேண்டும். கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் எழுத முடியாது. அறையில் நீங்கள் மட்டுமே இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் கேமரா வழியாக அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். காதில் ஹெட்செட் மாட்டிக்கொள்ளக் கூடாது. குறிப்பெடுக்க வெறும் தாளுக்கு அனுமதி இல்லை. சிறிய வெள்ளைப்பலகையோ, ஒளிபுகும் உறைக்குள் வைத்த ஒரு தாளோ இருக்கலாம், அழிக்கக்கூடிய பேனாவால் எழுத வேண்டும், முடிந்ததும் கேமரா முன்னிலையில் அழித்துக் காட்ட வேண்டும். தேர்வு மையத்தில் என்றால் தாளை அவர்களே தருவார்கள். மின்தடையும் இணையத் தடங்கலும் வழக்கமாக உள்ள ஊர் என்றால் மையத்துக்குப் போய்விடுவது நல்லது.

---

வைப்பாறு

நெறியாளருக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி. மீண்டும் ஒரு சிறு ஐயம். முதல் முறை எழுதியதில் வெர்பல் குறைந்துவிட்டால் அந்த மதிப்பெண்ணும் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடுமா? அந்தப் பயத்தில்தான் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

---

பாலைவனத் தமிழன்

போகாது தம்பி. தேர்வு முடிந்தவுடன் வெர்பல், கணித மதிப்பெண்கள் திரையிலேயே தெரியும். அவற்றைப் பார்த்த பிறகு, கட்டணமில்லாமல் நான்கு இடங்களுக்கு வரை அனுப்பலாமா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். பல முறை எழுதியிருந்தாலும் பிறகு எந்த நாளின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதும் உங்கள் விருப்பம்; ஆனால் ஒரு நாளின் வெர்பலையும் வேறொரு நாளின் கணிதத்தையும் பிரித்துச் சேர்க்க முடியாது. மறுபடியும் எழுதுவதற்கு 21 நாள் இடைவெளி வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம். உங்கள் முதல் விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டாம் முறைக்கும் இடம் விட்டு, முதல் தேதியை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.